தேடுபொறி நம் எழுத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கூகுளில் ஒரு சொல்லைத் தட்டினால் அரை நொடியில் விடை வந்து நிற்கிறது. அந்த அரை நொடிக்குள் அது உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் ஓடிப்போய்த் தேடிவிட்டுத் திரும்புகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. நீங்கள் தேடும் நேரத்தில் அது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் மிகப் பெரிய பட்டியல் ஒன்றைத்தான் புரட்டுகிறது.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று புரிந்துவிட்டால் இன்னொன்றும் புரிந்துவிடும். நீங்கள் ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டால், அதை முன்பின் தெரியாத ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க எந்தச் சொற்கள் உதவும், எவை உதவாது என்பதுதான் அது.

இந்தப் பட்டியல் யோசனை கணினியைவிட மிகப் பழையது. 1230களில் பாரிஸ் நகரத்துத் துறவி மடம் ஒன்றில் ஹ்யூ என்பவரும் அவரோடு இருந்த துறவிகளும் பைபிளுக்கு ஒரு சொல்லடைவு தயாரித்தார்கள். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த இடத்தில் வருகிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. வசனங்களுக்கு எண் போடும் பழக்கம் அப்போது வரவில்லை. அதனால் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஓர் எழுத்து வைத்துக்கொண்டார்கள். எல்லாம் கையெழுத்து. ஒரு சொல்லைக்கூடக் கணினி எண்ணிக் கொடுக்கவில்லை!

இன்றைய தேடுபொறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாமும் ஒன்று தயாரித்துப் பார்ப்போம். இணையத்தில் மூன்றே மூன்று பக்கங்கள்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் 1: தட்டான் குளத்தில் முட்டை இடும்.
பக்கம் 2: கோழி முட்டை இடும்.
பக்கம் 3: தட்டான் கொசு பிடிக்கும்.

இப்போது பட்டியல். தட்டான்: 1, 3. குளத்தில்: 1. முட்டை: 1, 2. இடும்: 1, 2. கோழி: 2. கொசு: 3. பிடிக்கும்: 3. அவ்வளவுதான்.

யாரோ ‘தட்டான் முட்டை’ என்று தேடுகிறார். தேடுபொறி அந்த மூன்று பக்கங்களையும் மறுபடி படிப்பதில்லை. தட்டானுக்கு நேரே 1, 3 என்று இருக்கிறது. முட்டைக்கு நேரே 1, 2 என்று இருக்கிறது. இரண்டிலும் உள்ள எண் 1. விடை, பக்கம் 1. எண்கள் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இரண்டு வரிசைகளிலும் ஒவ்வொரு விரலை வைத்து ஒரே ஓட்டமாக இறங்கிவிடலாம். வேகத்தின் ரகசியம் அதில்தான் இருக்கிறது. புத்தகத்தில் பக்கத்தைத் திறந்தால் சொற்கள் இருக்கும். இங்கே சொல்லைத் திறந்தால் பக்கங்கள் இருக்கின்றன. அதனால்தான் கணினிக்காரர்கள் இதைத் தலைகீழ்ப் பட்டியல் என்கிறார்கள்.

உண்மையான பட்டியல் எவ்வளவு பெரியது? தன்னுடையது 10 கோடி ஜிகாபைட்டுக்கு மேல் என்று கூகுள் சொல்கிறது. ஒரு கைபேசியில் 100 ஜிகாபைட் இடம் இருந்தால், 10 லட்சம் கைபேசிகளை நிரப்பும் அளவு.

பட்டியல் போட வேண்டுமானால் முதலில் பக்கங்களைத் திரட்ட வேண்டும் அல்லவா? 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் ‘ஆர்ச்சி’ என்ற நிரலை எழுதினார். அது கோப்புகளின் பெயர்களை மட்டும் சேர்த்து வைத்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 1994இல் தொடங்கிய யாகூவில் மனிதர்களே தளங்களைப் பார்த்துத் தலைப்பு வாரியாக அடுக்கினார்கள். அதே ஆண்டில் வந்த ‘வெப்கிராலர்’தான் பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் பட்டியலில் ஏற்றியது. இப்போது இந்தத் திரட்டும் வேலையைச் செய்யும் நிரல்களுக்குச் சிலந்தி என்று பெயர். ஒரு பக்கத்துக்குப் போகும், படிக்கும், அதில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். இரவும் பகலும் இதே வேலை.

சிலந்தி படிக்கும் என்றேன். அது நம்மைப் போல எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்களைத்தான் பார்க்கிறது. யூனிகோடு என்ற உலகப் பொது முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘மழை’ என்று நீங்கள் தட்டினால் கணினிக்குள் போய்ச் சேர்வது 2990, 2996, 3016 என்ற மூன்று எண்கள். ம, ழ, அப்புறம் ஐகாரக் குறி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஔவையார் பெயரை எழுதிப் பாருங்கள். முதலில் வருவது ‘ஔ’ என்ற ஒரே எழுத்து. அதன் எண் 2964. ஆனால் பலர் ‘ஒ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கோ அது 2962, 2995 என்ற வேறு இரண்டு எண்கள். ஆக, பட்டியலில் இரண்டு ஔவையார்கள்! ‘அவ்வையார்’ என்று எழுதுபவர்களையும் சேர்த்தால் மூன்று. நல்ல தேடுபொறிகள் இந்த மூவரும் ஒருவரே என்று ஊகிக்கப் பார்க்கின்றன. நாம் சரியாகத் தட்டினால் அவற்றுக்கு ஊகிக்கும் வேலையே இல்லை.

உங்கள் அப்பா அம்மா இளைஞர்களாக இருந்த காலத்தில் நிலைமை இதைவிட மோசம். தமிழ் எழுத்துருக்கள் பல தனித்தனி எண்முறைகளில் இருந்தன. பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியின் நினைவில் இருந்தவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளுக்குரிய எண்கள். திரையில் மட்டும் அம்மா தெரிவார். அப்படி ஒரு பக்கத்தைச் சிலந்தி படித்தால் அதற்கு என்ன புரியும்? ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இருந்தும் எல்லோரும் அதற்கு மாறப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. கூகுளில் தமிழில் தேடித் தமிழில் விடை பெறுகிறோம் என்றால், அதற்கு அடியில் இந்த எண் ஒற்றுமை இருக்கிறது.

நம் மூன்று பக்கப் பட்டியலுக்குத் திரும்புவோம். ‘குளம்’ என்று ஒருவர் தேடுகிறார். என்ன கிடைக்கும்?

ஒன்றும் கிடைக்காது. பட்டியலில் இருப்பது ‘குளத்தில்’. ‘குளம்’ இல்லை. அட, இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் சொல்வீர்கள், உங்களுக்குத் தமிழ் தெரியும். எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை என்று சில வடிவங்களோடு கதை முடிந்துவிடும். தமிழில் குளம், குளங்கள், குளத்தை, குளத்தில், குளத்துக்கு, குளத்திலிருந்து, குளமும், குளத்தங்கரை என்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தேடுபொறிக்குச் சொல்லின் வாலை வெட்டி வேரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் என்பவர் 1980இல் வெளியிட்ட வால் வெட்டும் விதிகள் மிகவும் புகழ்பெற்றவை. தமிழில் அது எளிதல்ல. வால் நீளம் என்பது மட்டும் காரணமில்லை, வாலில்தான் பொருளே இருக்கிறது. ‘தட்டான் கொசுவைத் தின்னுமா?’, ‘தட்டானைக் கொசு தின்னுமா?’ இந்த இரண்டிலும் வாலை வெட்டிவிட்டால் மிஞ்சுவது தட்டான், கொசு, தின். யார் யாரைத் தின்கிறார்கள் என்பது வெட்டுப்பட்ட வாலோடு போய்விட்டது! இப்போதைய தேடுபொறிகள் சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் படிக்கப் பழகிவருகின்றன. கூகுள் 2019இல் ‘பெர்ட்’ என்ற முறையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

அடுத்த கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு சொல்லுக்கு ஆயிரம் பக்கங்கள் கிடைத்துவிட்டன. எதை முதலில் காட்டுவது?

இதற்கு அருமையான ஒரு வழியைச் சொன்னவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கல்லூரியில் அவர் படித்தது வரலாறும் தத்துவமும். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜில், சொற்களைக் கணினி எப்படிக் கையாளலாம் என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். 1972இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லால் எந்தப் பக்கத்தையும் அடையாளம் காட்ட முடியாது, சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம்.

கணக்காகவே பார்த்துவிடலாம். மொத்தம் 1000 பக்கங்கள். ‘ஒரு’ என்ற சொல் 1000 பக்கங்களிலும் இருக்கிறது. ‘தட்டான்’ 10 பக்கங்களில் இருக்கிறது. ‘லார்வா’ (முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி) ஒரே ஒரு பக்கத்தில் இருக்கிறது. மொத்தத்தை அந்தச் சொல் வரும் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். ‘ஒரு’ என்பதற்கு 1, ‘தட்டான்’ என்பதற்கு 100, ‘லார்வா’வுக்கு 1000. இப்போது ஒவ்வொன்றிலும் எத்தனை பூஜ்யம் என்று எண்ணுங்கள். 0, 2, 3. இவைதான் அந்தச் சொற்களின் எடை. (பெரிய வகுப்பில் மடக்கை என்று ஒரு பாடம் வரும். நீங்கள் பூஜ்யத்தை எண்ணியபோது செய்தது அதுதான். பயப்பட ஒன்றுமில்லை.) ‘ஒரு தட்டான் லார்வா’ என்று யாராவது தேடினால் ‘ஒரு’ என்பதற்கு மதிப்பே இல்லை, ‘லார்வா’தான் பக்கத்தைப் பிடித்து இழுத்து வருகிறது.

ஒரு பக்கத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதையும் பார்ப்பார்கள். தட்டானைப் பற்றிய கட்டுரையில் தட்டான் நாலைந்து முறையாவது வரத்தானே செய்யும்? இதைக் கேள்விப்பட்ட சில பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் பக்கத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். படிப்பவர் கண்ணில் படக்கூடாதே என்று, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதியவர்களும் உண்டு. சிலந்திக்கு நிறம் முக்கியமில்லை, அது படித்துவிடும். இன்னும் சிலர், பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்ல உள்ளே மறைவாக வைக்கும் குறிச்சொல் சீட்டில், கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாத நடிகர்கள் பெயரையெல்லாம் எழுதி வைத்தார்கள்.

தேடுபொறிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு சொல் முதல் சில முறை வரும்போது மதிப்பு ஏறும், அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் பெரிதாக ஏறாது என்ற கணக்கு வந்தது. லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கிய அந்தச் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மறைவான குறிச்சொல் சீட்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. சொல்லைத் திணித்து வைத்திருக்கும் பக்கங்களை இப்போது பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

இணைப்புகளும் வரிசையைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கண்ட வழி அது. ஊரில் நாலு பெரியவர்கள் ஒரே வைத்தியரைக் கைகாட்டினால் அவரிடம் கூட்டம் சேரும் இல்லையா? அதுபோல, மதிப்புள்ள பக்கங்கள் எந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கின்றனவோ அந்தப் பக்கத்தின் மதிப்பு உயரும். 1998இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் கூகுள்.

சரி, இனி நம் கட்டுரை. உங்கள் தோழி ஒருத்தி தட்டானை ஒரு வாரம் கவனித்து அழகாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: ‘கண்ணாடிச் சிறகு நாட்டியம்’. நல்ல தலைப்புதான். அச்சிட்ட இதழில் படத்தோடு வந்தால் எல்லோரும் படிப்பார்கள். ஆனால் பத்துக் கல் தொலைவில் ஒரு பையன், ‘தட்டான் எங்கே முட்டை இடும்’ என்று தேடிக்கொண்டிருக்கிறான். அவன் தட்டும் சொற்களில் கண்ணாடியும் இல்லை, நாட்டியமும் இல்லை. கட்டுரை முழுக்க ‘அந்தச் சின்னஞ்சிறு விமானம்’ என்றே எழுதி, தட்டான் என்ற பெயரை ஒரே ஓரிடத்தில் வைத்திருந்தால், சரியான விடை அவளிடம் இருந்தும் அவனுக்குக் கிடைப்பது கடினம்.

ஆகவே தேட உதவும் சொற்களை எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கக்கூடாது. தேடுபவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவருக்கு விடை தெரியாது, கேள்வி மட்டும்தான் தெரியும். அந்தக் கேள்வியை அவர் எந்தச் சொற்களில் கேட்பார்? ‘தட்டான் எங்கே முட்டை இடும்?’ என்பதையே தலைப்பாக வைக்கலாம், அல்லது உள்ளே ஒரு துணைத்தலைப்பாக வைக்கலாம். இந்தக் கட்டுரையின் தலைப்பு ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் கவனியுங்கள். தட்டானைத் தும்பி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாம் சைக்கிள் என்பது பாடப்புத்தகத்தில் மிதிவண்டி, இலங்கையில் துவிச்சக்கர வண்டி. எல்லாப் பெயர்களையும் வரிசையாக அடுக்கினால் படிக்க அலுக்கும். ‘தட்டானைத் தும்பி என்றும் சொல்வார்கள்’ என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே இயல்பாக ஒரு வரி எழுதுங்கள், போதும்.

பொதுச்சொல்லை நம்பி இருக்காதீர்கள். ‘பூச்சி’ என்று மட்டும் எழுதினால் லட்சக்கணக்கான பக்கங்களோடு போட்டி. ‘தட்டான் லார்வா கொசு லார்வாவைத் தின்னும்’ என்று நீங்கள் பார்த்ததைத் துல்லியமாக எழுதினால், அதையே தேடி வருபவர் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். கேரன் அம்மையாரின் பூஜ்யக் கணக்கு இங்கே நம் பக்கம் வேலை செய்கிறது. அப்படித் தேட யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? தன்னிடம் ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு அதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மனிதர்கள் அவ்வளவு விதவிதமாகக் கேட்கிறார்கள்.

மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, தேடல் பெட்டியில் ‘தட்டான்’ என்று எழுதிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். கீழே சில வரிகள் தாமாக வந்து நிற்கும். மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வரும் பரிந்துரைகள் அவை. உங்கள் வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்பதும் நல்ல வழிதான்; பல நேரங்களில் அதைவிட நல்ல வழி. படம் சேர்த்தால் ‘தட்டான் குளத்து நீரில் முட்டை இடுகிறது’ என்று படக்குறிப்பு எழுதுங்கள். கேமரா கொடுத்த எண்ணையே படத்தின் பெயராக விட்டுவிட்டால் அந்தப் படத்தை யாரும் தேடி வரமாட்டார்கள்.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு முகவரி, தொலைபேசி எண், பள்ளியின் பெயர் இவற்றைக் கட்டுரையில் எழுதாதீர்கள். அவையும் சொற்கள்தான், சிலந்தி அவற்றையும் பட்டியலில் ஏற்றிவிடும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. கீழே மூன்று பக்கங்கள் இருக்கின்றன.

பக்கம் 1: காகம் கூட்டில் முட்டை இடும்.
பக்கம் 2: குயில் கூடு கட்டாது.
பக்கம் 3: குயில் காகத்தின் கூட்டில் முட்டை இடும்.

நோட்டில் இதற்குத் தலைகீழ்ப் பட்டியல் போடுங்கள். ஒருவர் ‘குயில் கூடு முட்டை’ என்று தேடுகிறார். மூன்று சொற்களும் உள்ள பக்கத்தை மட்டும்தான் காட்ட வேண்டும். வால் வெட்டத் தெரியாத தேடுபொறி அவருக்கு எதைக் காட்டும்? வால் வெட்டத் தெரிந்த தேடுபொறி எதைக் காட்டும்? விடையைக் கண்டுபிடித்ததும், பக்கம் 2இல் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து அதையும் அந்த விடையில் வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். சேர்த்த பிறகும் அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும்.